முறுக்கின் உட்பக்கம்

நாற்பத்தேழாவது அடுக்கில்தான்
முறுக்கு முறுக்கானது.
அதுவரை அது
பழுப்பு நிறத்தில் ஒரு கொசுவத்திச் சுருள்.

மெக்காலம் தெரு அடுக்குமாடியில் பன்னிரண்டாம் மாடி.
என் மேசைக்கு எதிரே கடல், அக்கரையில் பட்டர்வொர்த்.
அங்கிருந்துதான் செங்கமலம் அக்கா
குரல்செய்தி அனுப்புகிறார்:
“பொட்டலத்து மேல போடற படம் தம்பி,
பாத்தவுடனே பல்லுல நொறுங்கணும்.
தீவாளிக்கு முன்ன வேணும் லா.”
முந்நூறு வெள்ளி. பாதி முன்பணம்.
மாதிரிக்கு ஒரு டின் முறுக்கு
ஃபெர்ரியில் கடல் தாண்டி வந்தது.

பழுப்பு என்று தனியாக ஒரு நிறம் கிடையாது.
இது தெரிய எனக்கு ஆறு வருடம் பிடித்தது.
ஆரஞ்சைச் சோர்வாக்கி
பக்கத்தில் வெளிச்சமாக எதையாவது வைத்தால் பழுப்பு.
இருட்டில் தனியே விட்டால்
அது மறுபடி ஆரஞ்சு.

முதலில் தட்டை நிறம்.
அதன்மேல் புது அடுக்கு, கீழடுக்கைக் கவ்வவைத்து,
‘பெருக்கல்’ என்று மாற்றினேன்.
வீட்டில் பெருக்கினால் தூசி போகும்.
இங்கே பெருக்கினால் இருட்டு சேரும்.
மென்னூதா எடுத்து
சுருளும் சுருளும் உரசும் இடமெல்லாம் இழுத்தேன்.
கறுப்பைத் தொடவில்லை,
கறுப்பு வைத்தால் படத்தில் ஓட்டை விழும்.

அக்கா பார்த்தார்.
“என்ன தம்பி, கருகின மாதிரி இருக்கு?
என் அடுப்புல ஒண்ணு கருகினதில்ல.”

நான் தீட்டியது கருக்கல்.
அவர் படித்தது கருகல்.
ஒரேயொரு ஒற்றில்
முந்நூறு வெள்ளி ஊசலாடியது.

அடுக்கின் அழுத்தத்தைக் குறைத்தேன்,
நூறிலிருந்து அறுபது, நாற்பது, இருபத்திரண்டு.
நிழல் குறையக் குறைய
முறுக்கு ரப்பர் குழாயானது.
மேலே பளபளப்பு வைத்தேன்.
கழுவி வைத்த ரப்பர் குழாய்.
முறுக்கு மினுங்கவே கூடாது, சொரசொரக்க வேண்டும்.
அதற்கொரு தூரிகை உண்டு, மணல் தெளித்தாற்போல்.
அதையும் போட்டேன்.
அம்மை கண்ட தோலாக வந்தது.

நான்கு மணிக்கு மழை.
ஜெலுத்தோங் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து
ஒரே இடியில் மின்சாரம் போனது.
கடைசியாக எப்போது சேமித்தேன்?
கறுத்த திரையில் நான் மட்டும்,
ஒற்றை அடுக்கில்,
வாயருகே நகத்தோடு.

டின்னைத் திறந்து ஒன்றை எடுத்து
சன்னல் கட்டையில் வைத்தேன்.
மழைவெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் விழுந்தது,
சாம்பலும் நீலமுமாய்.
நிழலின் அருமை வெயிலில் தெரியுமாம்.
எனக்கு மழையில் தெரிந்தது.
உட்சுருளின் இடுக்கு இருட்டாகவே இல்லை,
சிவந்திருந்தது.
ஒரு சுருள் தன் நிறத்தை
அடுத்த சுருளின் வயிற்றில் அடித்திருந்தது,
அது இதன் முதுகில்.
உள்ளே போன வெளிச்சம்
வெளியே வர வழி தெரியாமல்
அங்கேயே கிடந்து பொரிந்திருந்தது.
வானத்தின் ஊதாவை நான்
அவ்வளவு ஆழத்துக்குக் கொண்டுபோயிருக்கக் கூடாது.
அது ஓரத்தோடு நின்றிருந்தது.

எள் ஒன்று ஒட்டியிருந்தது. அதற்கும் ஒரு நிழல்,
மயிரிழை அளவு.
மொத்த முறுக்கிலும் கறுப்பு அங்கேதான்.

இன்னும் நன்றாகப் பார்க்கலாமென்று
முகத்தருகே கொண்டுபோனேன்.
பிறகு மாதிரி இல்லை.
இன்னொன்றை எடுத்தேன்.

ஆறரைக்கு மின்சாரம் வந்தது.
மென்பொருள் மன்னிப்புக் கேட்டு
முப்பத்தொன்பதாம் அடுக்குவரை திருப்பித் தந்தது.
போனது போகட்டும், மறுபடி எட்டு.
இடுக்குகளுக்குச் சூடான சிவப்பு,
விளிம்பில் நூலளவு ஊதா,
மணல் தூரிகை, நிழல் முடியும் இடத்தில் மட்டும்.

அக்கரையில் விளக்குகள் எரியத் தொடங்கியபோது
அக்காவின் குரல்:
“இப்பதான் முறுக்கு.
உள்ள இருக்கறத விட கொஞ்சம் பெருசாத்தான் தெரியுது,
பரவால்ல.”
பின்னாலேயே இன்னொன்று:
“அடுத்தது ஓமப்பொடி.
ஒவ்வொரு இழைக்கும் நிழல் போடுவியா தம்பி,
இல்ல அதுக்குத் தனிக் காசா?”